ராஸ்பெரி பை 4: சங்கரன்கோவில் பூக்கடையில் ஒன்றரை வருஷம் ஓட்டிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். கடையில் ஒன்றோ இரண்டோ டிவி மாட்டி விலைப்பட்டியல் ஓட்ட நினைப்பவர்களுக்கு ராஸ்பெரி பை 4 என்ற இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பலகை போதும், 2 ஜிபி ராம் உள்ளதே தாராளம். ஆனால் அந்த 2 ஜிபியில் திரைக்கு என்று எடுத்துக்கொள்ள முடிகிற பங்கு எவ்வளவு, அதை யார் வாங்குகிறார்கள், யார் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இது தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். நடுவில் லினக்ஸ் கர்னலுக்குள், அதாவது நினைவகத்தையும் திரையையும் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளுக்குள், கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கும், நிதானமாகவே போவோம்.

மாமாவுக்குச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. (மாவட்டம் தென்காசி ஆகிவிட்டது, எங்களுக்கு இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.) விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, கேந்தி என்று வந்து இறங்கும். விலை ஒரே இடத்தில் நிற்காது. சாதாரண நாளில் மூன்று நாலு தடவை மாறும், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்றால் பத்து பதினைந்து தடவை. முன்பெல்லாம் சிலேட்டில் சாக்பீஸால் எழுதி அழித்துக்கொண்டிருந்தார். கடையின் இரண்டு பக்கமும் கூட்டம் நிற்பதால், வியாபாரிகள் பக்கம் ஒரு டிவி, விவசாயிகள் பக்கம் ஒரு டிவி என்று போட்டு, மாமா போனில் விலையை அடித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் மாறுகிற மாதிரி செய்து தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்து சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஊர்.

பை 4-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதில் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் இருப்பது. 2019-இல் வந்த மாடல், பிராட்காம் சிப், ஏ72 வகைக் கோர் நாலு. பலகைக்கு மட்டும் 4,000 ரூபாய்க்கு மேல் சொச்சம் கொடுத்தேன். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். இதற்குள் முழு டெஸ்க்டாப் போட்டு பிரவுசரைத் திறந்து ஓட்டுவது பலர் செய்வது, அதுவும் வேலை செய்யும். எனக்கு அது பிடிக்கவில்லை. நாலு வரி விலையைக் காட்ட அவ்வளவு பெரிய பிரவுசர் எதற்கு என்று, கர்னலிடமே நேராகத் திரையைக் கேட்டு வாங்கி எழுதுகிற சின்ன புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதினேன். பத்து நாளில் முடிந்தது. தமிழ் எழுத்து பளிச்சென்று வந்தது, மாமாவுக்கும் பெருமை, பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிரச்சினை நாலாவது நாள் வந்தது. விலையை மாற்றினால் மாறவில்லை, டிவியில் பழைய விலையே நின்றது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் சரியாகிவிடும். அப்புறம் மறுபடி சில நாள் கழித்து நிற்கும். வெறும் எரிச்சலோடு போகிற விஷயம் இல்லை இது. ஒரு முகூர்த்தக் காலையில் வியாபாரிகள் பக்க டிவியில் மல்லிக்குப் புது விலை, விவசாயிகள் பக்க டிவியில் அதைவிடக் குறைந்த பழைய விலை என்று ஆளுக்கொன்றாக நின்றுவிட்டது. பூ கொண்டுவந்தவருக்கு அது எப்படித் தெரியும்? தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தெரியும். முப்பது வருஷமாக நாணயமாகத் தராசு பிடித்த மனுஷன் அன்றைக்கு எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு அதைக் கேட்டதும் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாரும் முதலில் சொன்னது சூடு. தகரக் கூரை, சித்திரை வெயில். சரி என்று சூடு ஆற்றும் அலுமினியத் தகடு ஒட்டினேன், சின்ன மின்விசிறி வைத்தேன். இந்தப் பலகை 80 டிகிரியைத் தொட்டால்தான் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். நான் பார்த்தபோதெல்லாம் 60-ஐ ஒட்டித்தான் இருந்தது. அடாப்டரை மாற்றினேன். அடாப்டர் வாங்கின கடையில் பலகையைக் காட்டியபோது, சொருகிக்கூடப் பார்க்காமல் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். வாங்கியிருந்தால் காசு போயிருக்கும், பிரச்சினை அப்படியே இருந்திருக்கும்.

வழி காட்டியது மாமாதான். "ஏலே மருமவனே, வெயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் வெலைய ரொம்ப மாத்துற அன்னைக்குத்தான் இது நிக்குது, பாத்துக்கோ" என்றார். அவர் ஒவ்வொரு விலை மாற்றத்தையும் நேரத்தோடு நோட்டில் எழுதி வைப்பவர். அந்த நோட்டை வாங்கி, பிளக்கைப் பிடுங்கி மாட்டிய நேரங்களுக்கு நடுவில் எத்தனை தடவை விலை மாறியிருக்கிறது என்று எண்ணினேன். 14, 14, 11, 14. பதினொன்று என்று வந்த தடவை மட்டும் இடையில் ஆடித்தபசு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாள் கணக்கு, மணிக் கணக்கு, சூடு எதற்கும் தொடர்பு இல்லை. பதினான்கு மாற்றம் நன்றாக நடக்கிறது, பதினைந்தாவதில் சிக்குகிறது. எண்ணிக்கை இவ்வளவு ஒழுங்காக வந்தால் ஏதோ ஒன்று ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த தடவை நின்றபோது பிளக்கைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து கர்னலின் பதிவைப் பார்த்தேன். சிஎம்ஏ ஒதுக்கீடு தோல்வி, கேட்டது 2025 பக்கங்கள், விடை கழித்தல் 12 என்று இருந்தது. (சிஎம்ஏ என்ன என்று கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.) கழித்தல் 12 என்றால் நினைவகம் இல்லை என்று அர்த்தம். 2025 என்பதைப் பார்த்ததும் வருஷம் என்றே முதலில் படித்தேன். கணக்குப் போட்டால்தான் விளங்குகிறது: 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம், ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட். மொத்தம் 82,94,400 பைட். கர்னல் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், மிச்சமே இல்லாமல் 2025. ஆக, ஒரு டிவிக்கு ஒரு முழுப் படம் வரைய இடம் கேட்டிருக்கிறது, கிடைக்கவில்லை.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. அதே நேரத்தில் ராம் எவ்வளவு காலி என்று பார்த்தால் 1 ஜிபிக்கு மேல் காலி. வெறும் 8 எம்பி கேட்டதற்கு இல்லை என்கிறது. எப்படி?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இருநூறு இலை போட்ட மண்டபத்தில் அங்கங்கே நாற்பது இலை காலியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே குடும்பத்து ஆட்கள் இருபது பேர் சேர்ந்தாற்போல் ஒரே வரிசையில்தான் உட்காருவோம் என்று வந்தால் இடம் இல்லை. சாதாரண புரோகிராம்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. பக்கங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், பிராசசருக்குள் இருக்கும் எம்எம்யு என்ற முகவரி மாற்றும் பகுதி எல்லாம் ஒரே வரிசை போலக் காட்டிவிடும். பை 4-இன் முப்பரிமாண வரைகலைப் பகுதிக்கும் அப்படி ஒன்று சொந்தமாக இருக்கிறது. ஆனால் படத்தை வரிவரியாகப் படித்து எச்டிஎம்ஐ வழியே டிவிக்கு அனுப்புகிற பகுதிக்கு அது கிடையாது. அதற்கு நிஜமான முகவரியில் ஒட்டியே இருக்கும் 2025 பக்கங்கள் வேண்டும். ஒன்று விலகி இருந்தாலும் ஆகாது.

இதற்காகத்தான் சிஎம்ஏ என்ற ஏற்பாடு. 2012-இல் 3.5 கர்னலோடு வந்தது. பலகை உயிர்பெறும்போதே ராமில் ஒரு நீளமான துண்டை ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தத் துண்டைச் சும்மா போட்டு வைப்பதும் இல்லை. பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று பிடித்து வைத்த வரிசையில், அவர்கள் வரும் வரைக்கும் வேறு ஆட்களை உட்கார வைப்பது போல, எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றக்கூடிய பக்கங்களை மட்டும் அங்கே தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். திரைக்கு இடம் தேவைப்பட்டதும் அவற்றை நகர்த்திவிட்டு வரிசையைக் காலி செய்து கொடுக்கும். நல்ல யோசனை. வீண் ஒதுக்கீடும் இல்லை, தேவைக்கு இல்லாமலும் போகாது. என்னுடைய பலகையில் அந்தத் துண்டுக்கு நான் வைத்திருந்த அளவு 256 எம்பி. துண்டுக்குள் ஒவ்வொரு படமும் ஒழுங்கான எல்லையில் தொடங்க வேண்டும் என்பதால் ஒரு படத்துக்கு 8 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 32 படம். மற்ற சில்லறைத் தேவைகள் போக 31. ஆரம்பத்தில் இரண்டு டிவிக்கு இரண்டு. மீதி 29. ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் இரண்டு இரண்டாகப் போனால் பதினான்கு மாற்றம், கையில் ஒன்று மிச்சம். பதினைந்தாவது மாற்றத்தில் வியாபாரிகள் பக்க டிவிக்கு அந்த ஒன்று கிடைத்துவிடும், விவசாயிகள் பக்க டிவிக்குக் கிடைக்காது. மல்லிக்கு இரண்டு விலை காட்டிய அந்தக் காலையின் கணக்கு இதுதான். பேப்பரில் இதைப் போட்டு முடித்தபோது ராத்திரி ஒரு மணி. மாமாவை எழுப்பிச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது, மார்க்கெட்டுக்கு மூன்று மணிக்கு எழுகிறவர் என்பதால் விட்டுவிட்டேன்.

முதலில் குறுக்கு வழியைத்தான் செய்தேன். கான்ஃபிக் கோப்பில் திரை டிரைவரை (திரையை இயக்கும் கர்னல் பகுதியை) குறிக்கும் வரியின் கடைசியில் சிஎம்ஏ-256 என்று இருந்ததை 512 ஆக்கினேன். நாலு நாளில் நிற்பது ஒரு வாரம் தாங்கியது, அவ்வளவுதான். ஓட்டை வாளிக்குப் பதில் பெரிய ஓட்டை வாளி. இணையத்தில் இந்தப் பிழையைத் தேடினால் சிஎம்ஏ-வைக் கூட்டுங்கள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். 4கே டிவி வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான ஆலோசனை. 3840-க்கு 2160 படம் ஒன்றுக்கே 3,31,77,600 பைட் ஆகிறது, 64 எம்பி துண்டில் இரண்டு படம் வைத்தால் ஒரு எம்பிகூட மீதி இராது. என்னைப் போல 1080 டிவி வைத்துக்கொண்டு நாள் போகப் போகத் திணறினால், அளவைக் கூட்டாதீர்கள், எது திரும்பி வரவில்லை என்று தேடுங்கள்.

என்னுடைய புரோகிராமில் தேடினேன். பழைய படத்தின் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் அழைப்பு இருக்கத்தான் செய்தது. கர்னலும் ஒவ்வொரு தடவையும் சரி என்று பதில் தந்திருக்கிறது. ஆனால் இடம் திரும்பவில்லை. ஏன் என்று புரிய, கர்னல் இந்த இடங்களை எப்படிக் கணக்கு வைக்கிறது என்று படிக்க வேண்டியிருந்தது. இன்டெல்லில் இருந்த கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் உருவாக்கி 2008 கடைசியில் 2.6.28 கர்னலில் சேர்ந்த ஜெம் என்ற முறைதான் இன்றைக்கும் அடித்தளம். அதே ஆன்ஹோல்ட் பிறகு பிராட்காமுக்குப் போய் ராஸ்பெரி பைக்கான விசி4 டிரைவரை எழுதினார், ஆகவே இந்தப் பலகையில் நாம் தொடுவது ஒரே கையின் வேலை என்றே சொல்லலாம்.

ஜெம் முறையில் ஒவ்வொரு நினைவகத் துண்டும் ஒரு பொருள். புரோகிராமுக்கு அந்தப் பொருளை நேராகக் கொடுப்பதில்லை, கைப்பிடி என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை உள்ளே ஓடும், அது பூஜ்யம் ஆனால்தான் இடம் விடுபடும். நான் நினைத்தது, பிடித்திருப்பது நான் ஒருவன், கைப்பிடியை விட்டால் முடிந்தது என்று. நிஜத்தில் பிடிகள் பல. கைப்பிடி ஒன்று. படத்தை வரைய அந்த நினைவகத்தைப் புரோகிராமின் முகவரிக்குள் கொண்டுவருகிறோமே, அது ஒன்று. அப்புறம் இந்த நினைவகம் இத்தனை அகலம், இத்தனை உயரம், இந்த நிற அமைப்பு என்று சொல்லித் திரைக்குப் பதிவு செய்கிறோமே, ஃபிரேம்பஃபர், அது ஒன்று. சுருக்கிய வீடியோவைப் படங்களாகப் பிரிக்கும் டீகோடர் போன்ற வேறு டிரைவரோடு பகிர்ந்தால் அதுவும் ஒன்று. நான் விட்டது முதல் பிடியை மட்டும்தான் என்று சொன்னால் அதுகூட முழுசாகச் சரியில்லை. முகவரிப் பிடியையும் ஒழுங்காக விட்டிருந்தேன். விடாமல் பிடித்து வைத்திருந்தது ஃபிரேம்பஃபரை.

அது மறதியில் நடந்ததும் இல்லை. ஆரம்பத்தில் ஃபிரேம்பஃபரை நீக்கும் வரி புரோகிராமில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் டிவி இரண்டு மூன்று விநாடி கருப்பாகி, மறுபடி சிக்னலைப் பிடித்து வந்தது. அந்த வரியை எடுத்தேன், கருப்பு நின்றது, தீர்ந்தது என்று விட்டுவிட்டேன். உண்மையான தவறு வரிசையில். புதுப் படம் திரைக்கு ஏறும் முன்பே பழையதை நீக்கியிருக்கிறேன். திரையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரேம்பஃபரை நீக்கச் சொன்னால், காட்ட ஒன்றும் இல்லை என்று கர்னல் திரையையே அணைத்துவிடும். அது அதன் விதி, பிழை இல்லை. முதலில் புதியதுக்கு மாறச் சொல்லி, மாறிவிட்டது என்ற செய்தி வரும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகு பழையதை நீக்க வேண்டும். ஒரு விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் டிவியில் அந்தக் காத்திருப்பு சுமார் 17 மில்லி விநாடிதான். அதைக் காத்திருக்காமல் வரியைத் தூக்கியதற்கு மாமாவின் பெயர் கெடப் பார்த்தது.

கர்னலின் பிழைதேடும் கோப்புறையில், டிஆர்ஐ என்பதன் கீழே ஃபிரேம்பஃபர் என்று ஒரு கோப்பு இருக்கிறது, ரூட் (நிர்வாகி) அனுமதியோடு திறக்கலாம். இப்போது உயிரோடு இருக்கும் ஃபிரேம்பஃபர்கள் எல்லாவற்றையும், எந்தப் புரோகிராம் உருவாக்கியது, எத்தனை பிடி, என்ன அளவு என்று வரிசையாகக் காட்டும். திறந்தால் என் புரோகிராமின் பெயரே மேலிருந்து கீழ் வரை. காலையிலிருந்து மாறிய ஒவ்வொரு விலைக்கும் இரண்டு. இதை முதல் நாளே பார்த்திருந்தால் மின்விசிறி வாங்கியிருக்க மாட்டேன். நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் சிஎம்ஏ மொத்தம், சிஎம்ஏ காலி என்று இரண்டு வரி இருக்கும், அதையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். சாதாரண ராம் கணக்கை மட்டும் பார்த்தால் என்னைப் போல ஏமாறுவீர்கள். இன்னொன்று, பலகையையே அணைக்காமல் புரோகிராமை மட்டும் நிறுத்தித் தொடங்கினாலும் எல்லா இடமும் திரும்பிவிடும், ஏனென்றால் புரோகிராம் முடியும்போது அது பிடித்திருந்த எல்லாவற்றையும் கர்னலே அவிழ்த்துவிடுகிறது. அப்படிச் சரியானால் கோளாறு பெரும்பாலும் உங்கள் புரோகிராமின் பிடியில்தான் என்று அறியலாம்.

இறுதியில் திருத்தியது மிகச் சின்னது. ஒவ்வொரு தடவையும் புது இடம் கேட்பதையே நிறுத்தினேன். டிவிக்கு இரண்டு என்று மொத்தம் நாலு படங்களுக்கு ஆரம்பத்திலேயே இடம் வாங்கிவிடுவது, ஒன்று திரையில் இருக்கும்போது மற்றதில் வரைவது, வரைந்து முடித்ததும் மாற்றுவது. 32 எம்பியோடு கதை முடிந்தது. இரண்டு டிவியிலும் மாற்றத்தை ஒரே கோரிக்கையில் கேட்கும் வசதியும் கர்னலில் இருக்கிறது, இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது. இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். இனிமேல் ஒரு டிவியில் ஒரு விலையும் மற்றதில் வேறு விலையுமாக நிற்காது.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். திரைக்கான இந்த நினைவகத்தில் எழுதுவது வேகம், அதிலிருந்து படிப்பது மிக மெதுவு. எழுதுவதைச் சேர்த்து வைத்து ஒரே வீச்சாக அனுப்பும்படி அமைத்திருப்பார்கள், பிராசசர் பக்கத்திலேயே வைத்திருக்கும் கேஷ் என்ற வேக நினைவகம் அதற்குக் கிடையாது. தமிழ் எழுத்தின் வளைவுகள் பிசிறில்லாமல் வர, ஓரத்துப் புள்ளிகளைப் பின்னணி நிறத்தோடு கலக்க வேண்டும், கலக்க என்றால் ஏற்கெனவே இருப்பதைப் படிக்க வேண்டும். நேராக அங்கே வரைந்தபோது மாமா விலையை அடித்து, டிவியில் வர ஒரு விநாடிக்கு மேல் ஆனது. சாதாரண ராமில் வரைந்து முடித்து மொத்தமாக நகல் எடுத்துப் போட்டதும் கண்மூடித் திறக்கும் முன் வந்துவிடுகிறது.

வீடியோ ஓட்டுவது இந்தப் பலகையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மார்க்கெட் அடங்கும் நேரத்தில் கோயில் திருவிழா வீடியோ போடுவார்கள். எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை 1080 அளவில் தனிப் பகுதி ஒன்று பிரித்துக் கொடுக்கிறது. பிரித்த படத்தை நகல் எடுக்காமலேயே திரை டிரைவருக்குக் கைமாற்றலாம். டிஎம்ஏ-பஃப் என்று பெயர், இதுவும் 2012-இல் 3.3 கர்னலில் வந்தது. ஒரு டிரைவர் தன் நினைவகத் துண்டுக்கு ஒரு கோப்பு எண் கொடுக்கும், மற்ற டிரைவர் அந்த எண்ணை வாங்கி அதே துண்டைப் பயன்படுத்தும். பழைய முறையில் எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்வார்கள், அதை ஊகித்து வேறு புரோகிராம் எட்டிப் பார்க்க முடியும். கோப்பு எண்ணில் அந்தப் பயம் இல்லை, யாருக்குக் கொடுத்தோமோ அவருக்கு மட்டும்தான் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: திரை ஒரு படத்தைக் காட்டி முடிக்கும் முன் டீகோடரிடம் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அது அடுத்த படத்தை அதன் மேலேயே எழுதும், தேர் பாதி, கூட்டம் பாதி என்று கலந்து தெரியும்.

மச்சான் ஒருவர் பழைய பை 3 சும்மா கிடக்கிறது, அதிலேயே ஓட்டலாமா என்று கேட்டார். எச்டிஎம்ஐ ஒன்றுதான். அதோடு, அதன் வரைகலைப் பகுதிக்குச் சொந்த எம்எம்யு கிடையாது. அதனால் அதற்கு வேண்டிய எல்லாமே சிஎம்ஏ துண்டிலிருந்துதான் வர வேண்டும், துண்டு சீக்கிரம் நெருக்கடியாகிவிடும். இன்னும் ஒரு விஷயம், எம்எம்யு இல்லாததால் அது ராமில் எங்கு வேண்டுமானாலும் கை வைக்க முடியும். ஆகவே புரோகிராம் தரும் ஒவ்வொரு கட்டளைப் பட்டியலையும் கர்னல் முதலில் நகல் எடுத்து, வரிவரியாகச் சோதித்த பிறகே அனுப்புகிறது. இவ்வளவு பொறுப்பாக எழுதியவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது. ஒற்றை டிவிக்கு அது போதும், புதிதாக வாங்குவதென்றால் 4-தான். 2023-இல் வந்த பை 5 வேகமானது, ஆனால் அதில் எச்.264-க்கான தனிப் பகுதியை எடுத்துவிட்டார்கள், பிராசசரே அந்த வேலையைச் செய்ய வேண்டும். விலைப்பலகைக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

குறை என்று சொன்னால், மைக்ரோ எச்டிஎம்ஐ துளை. மென்மையானது, கேபிளின் எடையே அதை ஆட்டிவிடும். சிறு இணைப்பியை மாட்டி அதில் பெரிய கேபிளைச் சொருகாதீர்கள். ஒரு முனை மைக்ரோ, மறுமுனை சாதாரண எச்டிஎம்ஐ என்று நேர் கேபிளே வாங்கி, பலகையின் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பூக்கடை என்பதால் ஈரம் எப்போதும் இருக்கும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினோம். மெமரி கார்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சிஎம்ஏ-வை மறுபடி 256-க்கே இறக்கிவிட்டேன். திருத்திய பிறகு வந்த முதல் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நானும் மார்க்கெட்டில்தான் இருந்தேன். அன்றைக்கு மாமா இருபத்தி மூன்று தடவை விலை மாற்றினார், நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சிஎம்ஏ காலி எவ்வளவு என்று போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. பூ கொண்டுவந்த பெரியவர் ஒருவர் ஒரு டிவியைப் பார்த்துவிட்டு, நடந்து மறுபக்கம் போய் அந்த டிவியையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சிட்டையை வாங்கிக்கொண்டார்.

இப்போது ஏலக் கொட்டகையிலும் ஒரு டிவி வேண்டும் என்கிறார் மாமா. இந்தப் பலகையில் மூன்றாவது துளை கிடையாது. இன்னொரு பை 4, அதே 2 ஜிபி, ஆர்டர் போட்டிருக்கிறேன்.